ஏழாவது வினா

மூன்றாவது வினாவுக்கே இருபது நிமிடம் போய்விட்டது. கேள்வி நேரம் மொத்தமே ஒரு மணி நேரம்தான். இப்படியே போனால் ஏழாவது வினா இன்றைக்கு வராது, வராத வினாக்களுக்கு எழுத்தில் பதில் மேசையில் வைக்கப்படும், அத்தோடு முடிந்தது. வராமலே போகட்டும் என்று நினைக்கிறேனா? ஆமாம், நினைக்கிறேன். காலையில் விடுதி அறையில் புடவைக்கு மடிப்பு எடுக்கும்போது அப்படி நினைக்கவில்லை. எழுந்து கேட்டே தீர்வது என்று கண்ணாடியைப் பார்த்துச் சொல்லிக்கொண்டுதான் வந்தேன். இங்கே வந்து என் இருக்கையில் உட்கார்ந்து, குளிரூட்டியின் காற்று பிடரியில் இறங்கத் தொடங்கியதும் அந்தத் தைரியம் எங்கே போனதென்று தெரியவில்லை. எதிர்வரிசையில் ஒருவர் தன் ஊர்ப் பேருந்து நிலையத்துக்குக் கழிப்பறை வேண்டுமென்று நிறுத்தாமல் பேசிக்கொண்டிருக்கிறார். பேரவைத் தலைவர் "கேள்வியாகக் கேளுங்கள், கேள்வியாகக் கேளுங்கள்" என்கிறார். அவர் கேட்கிற வழியாக இல்லை, அந்தப் பேருந்து நிலையத்தைக் கட்டியவர் யார், திறந்துவைத்தவர் யார் என்று வரலாறு சொல்கிறார். பேசுங்கள் ஐயா, இன்னும் பேசுங்கள். இருபத்திரண்டு வருடம் வகுப்பறையில் நின்றவள் நான். மணியடிக்கக் கூடாதே என்று பாடம் நடத்தியிருக்கிறேன், மணியடிக்காதா என்று உட்கார்ந்திருந்த பிள்ளைகளையும் பார்த்திருக்கிறேன். வீட்டுப்பாடம் எழுதாமல் வந்த பிள்ளையின் முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். கண் கடிகாரத்தில் இருக்கும், கை மேசைக்கடியில் எதையாவது கசக்கிக்கொண்டிருக்கும். என் கை இப்போது பதில் பிரதியைக் கசக்கிக்கொண்டிருக்கிறது.

பதில் பிரதி. சபை கூடுவதற்குக் கொஞ்சம் முன்னால் கொடுத்தார்கள். ஏழாவது வினா பக்கத்துத் தொகுதிக்காரர் போட்டது, எங்கள் கட்சிக்காரர்தான். எங்கள் மாவட்டத்தில் ஃபுளூரைடு நீக்கும் குடிநீர் நிலையங்கள் எத்தனை செயல்படுகின்றன என்பது வினா. அமைச்சர் பெருமையாகப் பதில் சொல்லட்டும் என்று கேட்கப்படும் வினா. அதற்கான பதிலில் நான்காவது வரி: "பட்டாளத்தான் கொட்டாய் நிலையம் சிறப்பாகச் செயல்பட்டு வருகிறது, அத்தொகுதியின் மாண்புமிகு உறுப்பினரே பொதுமக்கள் முன்னிலையில் அந்நீரை அருந்தி அதன் தரத்தை உறுதி செய்துள்ளார்." அந்த மாண்புமிகு உறுப்பினர் நான். மங்கையர்க்கரசி, வேதியியல் முதுகலை, ஊருக்கெல்லாம் அரசி டீச்சர். முதலில் படித்தபோது யாரோ வேறொருவரைப் பற்றிப் படிப்பதுபோல இருந்தது. இதை எழுதிய அதிகாரி என்னைக் கேலி செய்யவில்லை, மனதாரப் பாராட்டித்தான் எழுதியிருக்கிறார். ஆய்வகம் தேவையில்லை, கருவி தேவையில்லை, டீச்சர் ஒரு டம்ளர் குடித்துவிட்டார், சான்றிதழ் ஆகிவிட்டது. இன்றைக்கு அமைச்சர் இதை வாய்விட்டுப் படித்தால் சபைக் குறிப்பில் ஏறிவிடும். நான் செத்த பிறகும் நூலகத்தில் தோல் அட்டைக்குள் இருக்கும். படிக்காவிட்டால்? மேசையில் வைக்கப்பட்டால்? அப்போதும் ஏறும். சத்தமில்லாமல் ஏறும், அவ்வளவுதான். அதில் எனக்கு என்ன லாபம், நான் எழுந்திருக்க வேண்டியதில்லை என்பதைத் தவிர.

மேலே பார்க்கக் கூடாது. பார்வையாளர் மாடத்தில் இரண்டாவது வரிசையில் மாதப்பன் உட்கார்ந்திருக்கிறார். வெள்ளைச் சட்டை, கழுத்துப் பொத்தான் வரை போட்டது. முதுகு நாற்காலியில் படவில்லை. பார்க்காமலே எனக்குத் தெரியும், அவர் எங்கே உட்கார்ந்தாலும் முதுகு சாயாது. ஹவில்தார் மாதப்பன், ராணுவத்தின் பொறியாளர் பிரிவில் பதினேழு வருடம். முதல் தடவை என் அலுவலகத்துக்கு வந்தபோது, "துப்பாக்கி தூக்கினியான்னு எல்லாரும் கேக்கறாங்க டீச்சர், நான் அதிகமா தூக்கினது தண்ணிக் குழாய்தான்" என்று சிரித்தார். பாலைவனத்தில் கிணறு தோண்டி உப்புப் பார்ப்பது, பனிமலையில் பனியை உருக்கி ஆயிரம் பேருக்குக் குடிக்கக் கொடுப்பது, எதிரி விஷம் கலந்திருக்கிறானா என்று சோதித்துப் பார்ப்பது. அதுதான் அவர் வேலை. பட்டாளத்தான் கொட்டாய் என்பது அவரைப்போன்ற முன்னாள் படைவீரர்களின் குடியிருப்பு. ஒரு போர் முடிந்த வருடத்தில், திரும்பி வந்தவர்களுக்கும் வராதவர்களின் பெண்டாட்டிகளுக்கும் அரசாங்கம் அந்தக் கல்லுக்காட்டை ஒதுக்கியது. நாற்பத்து மூன்று வீடு. ஒதுக்கினார்களே தவிரப் பட்டா கொடுக்கவில்லை. மூன்று தலைமுறையாக யாருடைய நிலத்தில் இருக்கிறோம் என்று தெரியாமலே இருந்தார்கள். என்னுடைய முதல் பதவிக்காலத்தில், இரண்டாவது வருடத்தில், நான் அலைந்து அதை வாங்கிக் கொடுத்தேன். வட்டாட்சியர் அலுவலகத்துக்கு எத்தனை நடை, பழைய நிலப்படம் தேடி எத்தனை அலமாரி. நான் செய்த வேலைகளில் மனசு நிறைந்து சொல்லக்கூடியது அதுதான். ஆனால் இப்போது யோசித்தால் அதுவே வினையாகிவிட்டது. பட்டா வாங்கிக் கொடுத்தவள் என்பதால்தான் நான் எதைச் சொன்னாலும் அங்கே நம்பினார்கள். வேறு யாராவது குடித்துக் காட்டியிருந்தால் அந்தப் பெண்கள் உதட்டைச் சுழித்துவிட்டுப் போயிருப்பார்கள்.

நான்காவது வினா. அமைச்சர் பதில் சொல்லிவிட்டார், துணைக் கேள்விகள் இரண்டே. ஏன் இவ்வளவு வேகம்? அந்த நிலையத்தின் திறப்பு விழா ஆடி மாதத்தில், காற்று பந்தலைத் தூக்கிக்கொண்டிருந்தது. புது நிலையம், நீல வண்ணம் அடித்த இரும்புத் தொட்டி, வாசலில் வாழைமரம், என் படம் போட்ட தட்டி. நாடா வெட்டியாயிற்று, பொத்தானை அழுத்தியாயிற்று, குழாயில் தண்ணீர் கொட்டியது, கைதட்டல். அப்போது மாதப்பன் எழுந்து முன்னால் வந்தார். கையில் ஒரு சின்னக் கண்ணாடிக் குழாய். "டீச்சர், இது இந்தக் குழாயில பிடிச்ச தண்ணி. காலையில சோதனை ஓட்டம் விட்டப்பவே பிடிச்சேன். மருந்து ரெண்டு சொட்டு விட்டேன். பாருங்க, மஞ்சளா இருக்கு." நான் பார்த்தேன். வேதியியல் படிக்காதவர்களுக்கு அது வெறும் நிறம். ஃபுளூரைடு இல்லாவிட்டால் அந்த மருந்து இளஞ்சிவப்பாக நிற்கும், இருந்தால் மஞ்சளாகும், கூடக் கூட மஞ்சள் ஏறும். எத்தனை பிள்ளைகளுக்கு இந்தச் சோதனையைச் செய்து காட்டியிருக்கிறேன், எத்தனை பேரின் செய்முறை நோட்டில் நிறம் தப்பாக எழுதியதற்குச் சிவப்பு மையில் சுழித்திருக்கிறேன். அவர் கையில் இருந்தது எலுமிச்சம்பழ மஞ்சள். செயற்பொறியாளர் என் காதருகே குனிந்து, "இந்தக் கடைக் கிட்டெல்லாம் நம்ப முடியாதும்மா, நம்ம ரிப்போர்ட் சரியாத்தான் இருக்கும்" என்றார். இருக்கும் என்றார், இருக்கிறது என்று சொல்லவில்லை. அந்த வித்தியாசம்கூட என் காதில் விழுந்தது. எல்லாம் விழுந்தது, எல்லாம் தெரிந்தது. நூற்றைம்பது முகங்கள் என்னைப் பார்த்தன. ஒரு கணம்தான். அந்த ஒரு கணத்தில் என்னென்ன நினைத்தேன்? பந்தலைப் பற்றி, தட்டியைப் பற்றி, நாளைய பேப்பரைப் பற்றி, நிகழ்ச்சி இப்படிப் பாதியில் நின்றுவிடக் கூடாதே என்பதைப் பற்றி. தண்ணீரைப் பற்றி நினைக்கவில்லை. பிறகு நான் சிரித்தேன். "ஐயாவுக்குப் பட்டாளத்துப் பழக்கம் இன்னும் விடலை, எதைப் பார்த்தாலும் எதிரி விஷம் வெச்சிருப்பானோன்னு சந்தேகம்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவருடைய மனைவி பச்சையம்மாளும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஒரு டம்ளர் வாங்கி, குழாயில் பிடித்து, தூக்கிப் பிடித்துக் காட்டி, அண்ணாந்து குடித்தேன். இனிப்பாகத்தான் இருந்தது. ஃபுளூரைடுக்கு ருசி கிடையாது, வாசனை கிடையாது, நிறம் கிடையாது. எனக்கு என் விழுங்கல் சத்தம் கேட்டது, அதற்குப் பிறகுதான் கைதட்டல் கேட்டது. மாதப்பன் கண்ணாடிக் குழாயின் வாயைக் கட்டைவிரலால் மூடிக்கொண்டு கூட்டத்துக்குள் போய்விட்டார்.

விழுங்கல் சத்தம். வாய்க்குள் கேட்கும் அந்தச் சத்தம் எட்டு மாதமாக அவ்வப்போது வருகிறது. காபி குடிக்கும்போது வரும். மேடையில் பேச்சுக்கு நடுவே ஒரு வாய் தண்ணீர் குடிக்கும்போது வரும். மூன்று வாரம் கழித்து அசல் அறிக்கை வந்தது. நான்தான் தனியாக ஓர் ஆய்வகத்துக்கு அனுப்பச் சொல்லியிருந்தேன், சந்தேகத்தைப் போக்கிக்கொள்ள என்று என்னிடமே சொல்லிக்கொண்டு. சந்தேகமே இருக்கவில்லை என்பதுதான் உண்மை. லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. மூன்று புள்ளி நான்கு இருந்தது, வடிகட்டியைத் தாண்டி வந்த தண்ணீரில். செயற்பொறியாளரைக் கூப்பிட்டுக் கேட்டேன். "உள்ளே ஃபுளூரைடை உறிஞ்சற மணிகள் வந்தப்பவே சரியில்லம்மா. மாத்தணும். ஃபைல் போட்டிருக்கு" என்றார். "அதுவரைக்கும் குடிக்க வேண்டாம்னு ஊர்ல சொல்லிடலாமா?" என்று கேட்டேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் இரக்கம் இருந்தது. "நீங்க குடிச்ச போட்டோ பேப்பர்ல வந்திருக்கேம்மா" என்றார். கடிதம் எழுதினேன். மறுபடியும் எழுதினேன், மூன்றாவதாக அமைச்சருக்கே எழுதினேன். கடிதம் எழுதுவது எவ்வளவு வசதியான காரியம், எழுதிய அன்றைக்கு நன்றாகத் தூக்கம் வரும். கொட்டாய்க்கு மட்டும் போகவில்லை. அந்தப் பக்கம் ஒரு கல்யாணம் வந்தபோதுகூடச் சுற்றுவழியில் போனேன். முன்பெல்லாம் அந்தப் பெண்கள் இரண்டு கிலோமீட்டர் தள்ளி, பள்ளிக்கூடத்துக் குழாயில் நாலைந்து வருடமாக வரும் ஆற்றுத் தண்ணீரைக் குடிக்கவும் சமைக்கவும் தூக்கி வருவார்கள். நான் குடித்த மறுநாளிலிருந்து நிறுத்திவிட்டார்கள். வாசலிலேயே நல்ல தண்ணீர் வரும்போது யார் நடப்பார்கள். அதையும் கொதிக்கவைத்துக் குடிக்கிறார்களாம், சுத்தம் பார்த்து. கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர்தான் ஆவியாகும், ஃபுளூரைடு அப்படியே அடியில் நிற்கும், இன்னும் அடர்த்தியாக. இதைக்கூட நான் போய்ச் சொல்லவில்லை.

ஐந்து முடிந்துவிட்டது. ஐந்து எப்போது முடிந்தது? ஆறாவது வினா சாலை பற்றி. சாலை என்றால் நீளும், எல்லோருக்கும் சாலை இருக்கிறது, பத்துக் கை தூக்குவார்கள். கொறடா தணிகாசலம் முன்வரிசையிலிருந்து திரும்பி ஒருமுறை என்னைப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொள்கிறார். காலையில் வராந்தாவில் பிடித்துக்கொண்டார். கெட்ட மனிதர் இல்லை, என் கணவர் போனபோது மூன்று நாள் ஊரில் தங்கி எல்லாவற்றையும் பார்த்தவர். "டீச்சரம்மா, ஏழாவதுக்கு நீங்க எழுந்திரிக்க வேண்டாம். அமைச்சர் படிப்பார், மேசையைத் தட்டுவோம், போயிடும்." "பதில்ல இருக்கறது பொய் அண்ணே." "யாருக்குப் பொய்? நீங்க குடிச்சீங்களா இல்லையா?" "குடிச்சேன்." "அப்புறம் என்ன பொய்?" என்று கேட்டுவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "அடுத்த வருஷம் தேர்தல். உங்க பேரு பட்டியல்ல இருக்கு, நான் பார்த்தேன். நீங்களே உங்க வாயால கெடுத்துக்காதீங்க." பட்டியலில் பெயர் இருக்கிறது. அது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்த இடத்தில் அந்த நேரத்தில் சந்தோஷமாக இருந்தது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். இன்னும் ஐந்து வருடம் கிடைத்தால் இரண்டு மேல்நிலைத் தொட்டி, ஒரு பாலம், கைம்பெண் ஓய்வூதிய மனுக்கள், எவ்வளவு செய்யலாம். அவ்வளவும் செய்ய நான் இங்கே இருக்க வேண்டும். இருக்க வேண்டுமென்றால் இப்போது உட்கார்ந்திருக்க வேண்டும். கணக்கு சரியாகத்தான் வருகிறது. சரியாக வரும் கணக்கைப் பார்த்தால்தான் எனக்குப் பயமாக இருக்கிறது.

செவ்வந்தி நடந்தால் முட்டி இரண்டும் உரசும். மாதப்பனின் மகள், பத்தொன்பது வயது, கடைக்குட்டி. போன மாதம் ராணுவ ஆள்சேர்ப்புக்குப் போனாள். ஓட்டத்தில் இரண்டாவதாக வந்தாள். அடுத்து மருத்துவச் சோதனை. நேராக நில், பாதத்தைச் சேர்த்து வை என்றிருக்கிறார்கள். பாதம் சேரவில்லை. முட்டி முட்டிக்கொண்டு நின்றது, கணுக்கால்களுக்கு நடுவில் ஒரு உள்ளங்கை இடைவெளி. அந்த டாக்டர் நல்லவர், திட்டவில்லை, விரட்டவில்லை. "எந்த ஊர்த் தண்ணீம்மா குடிச்சு வளர்ந்தே?" என்று மட்டும் கேட்டாராம். இதை மாதப்பன் என் அலுவலகத்தில் நின்றுகொண்டே சொன்னார், உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. "பட்டாளத்தான் கொட்டாய்னு பேரு டீச்சர். ஆறு வருஷமா எங்க ஊர்லேர்ந்து ஒருத்தர்கூடத் தேறலை. எல்லாருக்கும் முட்டி தட்டுது." பிறகு, "ஏழாவது நம்பர்ல எங்க ஊர்த் தண்ணி வருதுன்னு கேள்விப்பட்டேன். உள்ளே போய்ப் பார்க்க ஒரு பாஸ் வேணும்" என்றார். அறிக்கையைப் பற்றிக் கேட்கவில்லை. அவருக்குத் தெரியாது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். கையெழுத்துப் போடும்போது, "வடிகட்டின தண்ணியில மூணரைக்குப் பக்கமா வருது, இல்லீங்களா?" என்று சாதாரணமாகக் கேட்டார். பேனா நின்றுவிட்டது. "நான் வாராவாரம் பார்க்கறேன்" என்றார். எட்டு மாதத்தில் முட்டி வளையாது, செவ்வந்தியின் முட்டி நான் பதவிக்கு வருவதற்கு முன்பே வளைந்தது, அது எனக்கும் தெரியும் அவருக்கும் தெரியும். இந்த ஒரு காரணத்தைப் பிடித்துக்கொண்டு நான் எத்தனை ராத்திரி தூங்கியிருக்கிறேன். ஆனால் அங்கே இரண்டு வயதில், மூன்று வயதில் குழந்தைகள் இருக்கின்றன. ஈறுக்குள்ளே நிலைத்த பல் உருவாகிக்கொண்டிருக்கும் வயது. எட்டு மாதம் என்பது ஒரு பல்லுக்கு நிறையக் காலம்.

பல் என்றதும் நாக்கு தானாக என் முன்பற்களைத் தடவுகிறது. வழுவழுப்பாக இருக்கின்றன. இவை என் பற்கள் இல்லை, மேலே போட்ட உறை. எனக்கும் அதே மண், அதே கிணறு. பழுப்புக் கோடுகள், இடையில் சுண்ணாம்புத் திட்டுகள், நுனியில் குழிகள். கல்லூரியில் சிரிக்கும்போது கையை வைத்துக்கொள்வேன், கல்யாணப் போட்டோவில் உதட்டை இறுக்கிக்கொண்டு நிற்கிறேன். முதல் தேர்தலுக்குச் சீட்டுக் கிடைத்ததும் கட்சியில் ஒருவர், "போஸ்டருக்குச் சிரிச்ச முகம் வேணும் டீச்சர்" என்றார். பெரிய ஊருக்குப் போய் நான்கு நாள் தங்கி உறை போட்டுக்கொண்டு வந்தேன். கண்ணாடியில் பார்த்து அன்றைக்கு முழுக்க அழுதேன், இவ்வளவு அழகாக இருக்கிறேனே என்று. அந்தச் சிரிப்போடுதான் தொகுதி முழுக்கச் சுவரில் இருந்தேன். அந்தச் சிரிப்போடுதான் அன்றைக்குப் பட்டாளத்துப் பழக்கம் என்று சொன்னேன். அது இப்போதுதான் தோன்றுகிறது, இத்தனை நாள் இந்த இரண்டையும் சேர்த்து நினைத்ததே இல்லை. எந்தத் தண்ணீரால் இருபது வயதில் வாயைப் பொத்திக்கொண்டேனோ அதே தண்ணீரை நல்ல தண்ணீர் என்று... "ஏழாவது வினா" என்கிறார் பேரவைத் தலைவர்.

வந்துவிட்டது. சாலை அவ்வளவு சீக்கிரம் எப்படி முடிந்தது. அமைச்சர் எழுந்து கண்ணாடியை மாட்டிக்கொண்டு படிக்கிறார், நல்ல குரல் அவருக்கு. முதல் வரி, இரண்டாவது வரி, எண்கள். நான்காவது வரியில் என்னைப் பார்த்து லேசாகத் தலையசைத்துவிட்டுப் படிக்கிறார். "மாண்புமிகு உறுப்பினரே அருந்தி..." எங்கள் பக்கம் மேசைகளைத் தட்டுகிறார்கள். என் பக்கத்து இருக்கைக்காரர் என் மேசையையும் சேர்த்துத் தட்டுகிறார். வினா போட்டவர் நன்றி சொல்லி ஒரு துணைக் கேள்வி கேட்டு உட்கார்ந்துவிட்டார். "அடுத்த வினா" என்று பேரவைத் தலைவரின் வாய் திறக்கிறது. என் கால் எழவில்லை. உண்மையாகவே எழவில்லை, கல்லாகக் கனக்கிறது. கைதான் முதலில் போயிற்று, அது யாருடைய கையோ மாதிரி மேலே நின்றது. பிறகு அந்தக் கைக்குக் கீழே நானும் நின்றேன். "சுருக்கமாக" என்கிறார் தலைவர். ஒலிவாங்கியில் சிவப்பு விளக்கு எரிகிறது. "மாண்புமிகு பேரவைத் தலைவர் அவர்களே" என்று தொடங்கிவிட்டேன், இனி உட்கார முடியாது. "அமைச்சர் அவர்கள் படித்த பதிலில் என்னைப் பற்றி ஒரு வரி வருகிறது. அன்று நான் அந்தத் தண்ணீரைக் குடித்தது உண்மை. அது சுத்தமாகவில்லை என்று தெரிந்துதான் குடித்தேன். அந்த ஊரைச் சேர்ந்த முன்னாள் ராணுவ வீரர் ஒருவர் அதைச் சோதனை செய்து எல்லோர் முன்னிலையிலும் எனக்குக் காட்டினார். நான் அவரைக் கேலி செய்துவிட்டுக் குடித்தேன். அதற்குப் பிறகு வந்த ஆய்வறிக்கை என்னிடம் இருக்கிறது. அளவு இரண்டு மடங்குக்கு மேல். அந்த அறிக்கையை நானும் ஊருக்குச் சொல்லவில்லை. எட்டு மாதமாக அந்தத் தண்ணீரைக் குழந்தைகள் குடிக்கிறார்கள். என் கேள்வி என்னவென்றால்..." கேள்வி என்ன? எழுதிவைத்திருந்தேன், தாள் கசங்கியிருக்கிறது, எழுத்து தெரியவில்லை. எதிர்வரிசையில் சத்தம் எழும்பிவிட்டது, யாரோ "வெட்கம், வெட்கம்" என்கிறார்கள், யாரோ தட்டுகிறார்கள். எங்கள் பக்கம் ஒரு சத்தமும் இல்லை. "என் கேள்வி, இன்றைக்கே அங்கே ஆற்றுத் தண்ணீர் லாரியில் போகுமா? அந்த நிலையத்தை மறுபடி சோதிக்கும்போது ஹவில்தார் மாதப்பன் உடன் இருக்க அனுமதிப்பார்களா? அந்த வரியைப் பதிலிலிருந்து எடுப்பார்களா?" மூன்று கேள்வி கேட்டுவிட்டேன், ஒன்றுதான் கேட்கலாம். உட்கார்ந்தேன். அமைச்சர் எழுந்தார். கோபமாக இருந்திருப்பார், குரலில் காட்டவில்லை. உறுப்பினர் இதை முன்பே தன் கவனத்துக்குக் கொண்டுவந்திருக்கலாம் என்றார். மூன்றாவது கடிதம் அவருக்குத்தான் எழுதினேன், அதைச் சொல்ல எழவில்லை. இன்று மாலைக்குள் லாரி போகும், ஒரு வாரத்தில் வேறு ஆய்வகத்தைக் கொண்டு சோதனை நடக்கும், அந்த முன்னாள் வீரர் உடன் இருக்கலாம், அந்த வரி நீக்கப்படும் என்றார். மணி அடித்தது. அவைக் காவலர் ஒருவர் வந்து மடித்த சீட்டு ஒன்றைக் கொடுத்தார், தணிகாசலத்தின் கையெழுத்து: "மதியம் கட்சித் தலைவர் கூப்பிடுகிறார்." அதை மடித்துக் கைப்பைக்குள் வைத்தேன். பசித்தது.

வராந்தாவில் தூண் ஓரமாக மாதப்பன் நின்றுகொண்டிருந்தார். அவர் ஏதாவது நல்ல வார்த்தை சொல்வார் என்று எதிர்பார்த்தேன் போலிருக்கிறது, அதைக் கேட்க முகத்தைத் தயாராக வைத்துக்கொண்டுதான் நடந்தேன். அவர் சொல்லவில்லை. "இங்கே சொன்னது இங்கேதான் இருக்கும் டீச்சர். ஊர்ல இப்போ அடுப்புல அந்தத் தண்ணியிலதான் உலை கொதிக்குது" என்றார். சட்டைப் பையிலிருந்து பொத்தான் போனை எடுத்து, எண்ணை அழுத்தி, என்னிடம் நீட்டினார். "பச்சையம்மா வீட்டுல இருக்கா. நீங்களே சொல்லுங்க. நான் எட்டு மாசமாச் சொல்றேன். எனக்கு மட்டும் தனியா ஸ்கூல் குழாயில கேன்ல பிடிச்சுட்டு வரேன், அதைக் கண்டு சிரிக்கறா. டீச்சரே குடிச்சாங்க, உனக்கென்ன கேடுங்கறா." போன் சூடாக இருந்தது. அந்தப் பக்கம் மணி போய்க்கொண்டிருந்தது. சபையில் இருநூறு பேர் முன்னால் சொன்னேன், அதைவிட இந்தச் சின்னப் போனில் ஒரு பெண்ணிடம் சொல்வது இவ்வளவு கஷ்டமாக இருக்குமென்று நினைக்கவில்லை. "அலோ, ஆரு?" என்றாள் பச்சையம்மாள். "நான் அரசி டீச்சர் பேசறேன்மா." "ஐயோ டீச்சருங்களா, நல்லா இருக்கீங்களா? அவுரு அங்கே வந்து ஏதாச்சும் வம்பு பண்ணிட்டாரா? அவுரு அப்படித்தானுங்க, மனசுல வெச்சுக்காதீங்க." "அவர் ஒண்ணும் பண்ணலை. பச்சையம்மா, அந்த நீலத் தொட்டித் தண்ணியைக் குடிக்காதீங்க. சமைக்கவும் வேண்டாம். அவர் சொன்னதுதான் சரி. வடிகட்டி வேலை செய்யலை." அந்தப் பக்கம் பாத்திரச் சத்தம் நின்றது. "இப்போ கெட்டுப்போச்சுங்களா?" என்றாள். இப்போ கெட்டுப்போச்சு. ஆமாம் என்று சொன்னால் போதும், எல்லாம் சுலபமாகிவிடும், அவளே அதை என் கையில் எடுத்துக் கொடுக்கிறாள். மாதப்பன் என்னைப் பார்க்கவில்லை, வாசலில் நிற்கும் கார்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இல்லைம்மா. முதல் நாள்லேர்ந்தே அப்படித்தான்." அவள் குரலில் கோபம் இல்லை, புரியாமல் கேட்கும் பிள்ளையின் குரலாக இருந்தது. "அப்போ நீங்க எதுக்குங்க டீச்சர் குடிச்சீங்க?" "எல்லாரும் பார்த்துக்கிட்டு இருந்தாங்க. கை தட்டுவாங்கன்னு குடிச்சேன்." இதை என்னிடமேகூட இப்படிச் சொல்லிக்கொண்டதில்லை. அவள் போனை எங்கேயோ வைத்துவிட்டாள், துண்டிக்கவில்லை. "செவ்வந்தி, அந்தச் சோத்துப் பானையை இறக்கு" என்று தள்ளிக் கேட்டது. பிறகு குடத்தை இழுக்கும் சத்தம், வாசல் கல்லில் தண்ணீரைக் கொட்டும் சத்தம். அடுத்த வீட்டுக்காரியைக் கூப்பிடுகிறாள், அங்கேயும் கொட்டுகிறார்கள். கைப்பைக்குள் என் போன் அடிக்கத் தொடங்கியது, நான் அதை எடுக்கவில்லை. மாதப்பனின் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, ஒவ்வொரு குடமாகக் காலியாவதைக் கேட்டுக்கொண்டு நின்றேன்.